அண்ணனுக்குக் கட்டிய சத்தம் புகாத வீடு

1

போன வாரம் எட்மன்டனுக்கு வெளியே, பாதி எழும்பி நிற்கும் ஒரு வீட்டைக் காட்ட ஒரு வெள்ளைக்காரத் தம்பதியை அழைத்துக்கொண்டு போனேன். எங்கள் கம்பெனி விற்கும் பிளாக்குகளால் கட்டுகிற வீடு. பிளாக் என்றால் சிமெண்ட் கல் இல்லை. தெர்மாகோல். உள்ளே காலியாக இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, நடுவில் கம்பி கட்டி, அந்தக் காலி இடத்தில் கான்கிரீட்டை ஊற்றிவிட்டால் போதும். கான்கிரீட் இறுகிவிடும், இரண்டு பக்கமும் தெர்மாகோல் போர்வை மாதிரி அப்படியே நின்றுவிடும். வெளியே பனி கொட்டினாலும் உள்ளே தெரியாது.

அந்தக் கணவர் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "ரோட்டுச் சத்தம் உள்ளே கேட்குமா?" என்றார்.

பதினோரு வருடமாக இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "பக்கத்தில் ரயில் போனால்கூடத் தெரியாது." அன்றும் அதைத்தான் சொன்னேன். இருவருக்கும் சந்தோஷம். நான் மட்டும் எதையோ வண்டியில் விட்டுவிட்டதாகச் சொல்லி வெளியே வந்து, வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

ஊரில் இருக்கும் சொந்தத்துக்கு இங்கிருந்தபடியே வீடு கட்டிக் கொடுக்க நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெருமைக்கு அல்ல.

2

என் அண்ணன் மாதேஷ் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறான். புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்து உலுக்குவது அவன் தொழிலாக இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு மரத்திலிருந்து விழுந்தான். முதுகெலும்பு போய்விட்டது. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அண்ணி தூக்கி உட்காரவைத்தால் சக்கர நாற்காலியில் உட்காருவான். மற்ற நேரமெல்லாம் கட்டில்.

நடக்க முடியாமல் போனது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாமல் இருந்தது இன்னொன்று. நெஞ்சுக்குக் கீழே அவனுக்கு வியர்க்காது. வெயில் ஏறினால் உடம்பு சூட்டை வெளியே தள்ளத் தெரியாமல் காய்ச்சலாக்கிக்கொள்ளும். அவர்கள் இருந்தது செங்கல் சுவர் எழுப்பி மேலே சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. மாசி பிறந்தால் போதும், மதியத்தில் அது அடுப்பு. சாந்தி அண்ணி ஈரத்துண்டைப் பிழிந்து பிழிந்து அவன் நெஞ்சில் போடுவாள். ஒரு கோடையில் இரண்டு தடவை தர்மபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டர் சொன்னாராம்: "குளுமையான எடத்துல வையுங்க."

இதைப் போனில் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. நான் செய்யும் வேலையே அதுதானே! முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் குளிர் புகாத, சூடு புகாத வீடாக விற்றுக்கொண்டிருக்கிறேன். கூடப் பிறந்தவன் ஷீட்டுக்குக் கீழே வேகிறான்.

அந்த வாரமே வீட்டுக்கு வரைபடம் போட ஆரம்பித்தேன். ஷீட் வீட்டை ஒட்டினாற்போல் ஒரு பெரிய அறை, ஒரு குளியலறை, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு. எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

3

நேரில் போயிருக்க வேண்டும். முடியவில்லை. கனடாவில் நிரந்தரமாக வசிப்பதற்கான என் பி.ஆர். கார்டு காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க அனுப்பிய விண்ணப்பத்தை, போட்டோவில் என் முகம் இரண்டு மில்லிமீட்டர் சின்னதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். முகத்தைப் பெரிதாக்கி மறுபடி அனுப்பினேன். 'பரிசீலனையில்' என்ற ஒரே சொல் மாதக்கணக்கில் திரையில் நின்றது. கார்டு இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வருவது பெரும்பாடு. ஆகவே போனிலேயே கட்டுவது என்று முடிவானது.

ஊரில் மேஸ்திரி நஞ்சப்பன். என்னோடு பள்ளியில் படித்தவர். வீட்டில் கன்னடம் பேசுவார்கள். நான் படம் அனுப்பியதும் கூப்பிட்டார்.

"ஏங்க, இந்தத் தெர்மாகோல டிவி பொட்டிக்குள்ளதான் பாத்திருக்கறன். இதுல வூடா?"

"ஆமாங்க மேஸ்திரி. இங்க எல்லாம் இதுதான்."

"அங்க ஐசு கொட்டுது. இங்க வெயிலுங்க. வெயிலு சொவுத்துலயா ஏறுது? தல மேல ஏறுது. ஒம்போது இஞ்சு செங்கல்லு வெச்சு, மேல மட்டும் கனமா சுருக்கி போட்டு ஓடு பதிச்சிட்டம்னா சாகுங்க. மாதேசு சொகமா இருப்பான்."

சாகு என்றால் கன்னடத்தில் போதும். எனக்குப் போதவில்லை. மேலே அவர் சொன்னபடி செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கியும் ஓடும் போடட்டும், அதற்கு அடியில் தெர்மாகோல் பலகையும் வைக்கட்டும், ஆனால் சுவர் என் சுவர்தான் என்று நின்றேன்.

அனுமதி வாங்கும் படலம் தனி. இணையத்தில் விண்ணப்பம், ஓ.டி.பி. அண்ணன் போனுக்குப் போகும். அதை அண்ணி எனக்குப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். சுவர் வகை என்ற கட்டத்தில் செங்கல், கல், மண், கான்கிரீட் என்று இருந்தன. என் சுவருக்கு இடம் இல்லை. 'மற்றவை' என்று குறித்தேன். உடனே நிறுத்திவிட்டார்கள்.

"தெர்மாகோல்னு போட்டுருக்கீங்க. தீப்புடிச்சா யாரும்மா பதில் சொல்றது?" என்றார் பஞ்சாயத்து அலுவலகத்தில் இருந்தவர், போனில்.

தீ பிடிக்காது என்பதற்கு நாற்பது பக்க ஆங்கில அறிக்கை அனுப்பினேன். "இத யாரு படிக்கறது? தமிழ்ல ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, வெச்சுக்கறன்" என்றார். நியாயம்தான். உட்கார்ந்து எழுதினேன். தர்மபுரியில் சிவில் டிப்ளமோ படித்தவள் நான். நாலாவது வரியில் நின்றுவிட்டேன். நான் அன்றாடம் பேசும் தொழிலுக்கு என்னிடம் தமிழே இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு பக்கத்தில் போயின.

கடைசியில் நஞ்சப்பன்தான் சொன்னார். "உள்ள கான்கிரீட்டுதானே இருக்குது? கான்கிரீட்டுன்னு டிக் பண்ணுங்க."

பத்தே நாளில் அனுமதி வந்தது.

4

பெங்களூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் பிளாக்குகள் வந்திறங்கின. ஊர் திரண்டு வந்து பார்த்ததாம். ஒரு ஆள் நாலு பிளாக்கை ஒரே கையில் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்து, 'காத்தடிச்சா வூடு பாலக்கோடு போயிரும்' என்று ஒருவர் சொல்ல, அந்தப் பேச்சு எனக்கும் வந்து சேர்ந்தது. சிரிக்க முடியவில்லை.

கான்கிரீட் ஊற்றும் நாள். அங்கே காலை ஏழு, இங்கே அதற்கு முந்தின நாள் மாலை ஏழரை. ஆகஸ்ட் என்பதால் ஜன்னலில் நல்ல வெயில். அண்ணி போனைப் பிடித்துக்கொண்டு காட்ட, நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து மேற்பார்வை.

இந்தச் சுவருக்கு ஒரே மூச்சில் ஊற்றக் கூடாது. மூன்றடி உயரத்துக்கு ஒரு சுற்று ஊற்றி, கொஞ்சம் இறுகவிட்டு, அடுத்த சுற்று. அந்த ஒரு சுற்றுக்கு எங்கள் தொழிலில் 'லிஃப்ட்' என்று பெயர். எனக்கு அது பழகிப்போன சொல்.

"மேஸ்திரி, அந்த மூலையில லிஃப்ட் மட்டும் போதும்! லிஃப்ட்! லிஃப்ட்!" என்று கத்தினேன்.

நஞ்சப்பன் கையை உயர்த்தி ஆளுக்குச் சைகை காட்டினார். பம்பு வண்டியின் குழாயைத் தூக்கிப் பிடித்தார்கள். மூலை மேல்வரைக்கும் நிறைந்தது. நான் "ஸ்டாப்" என்று அலறும்போதே தெர்மாகோல் வயிறு மாதிரி உப்பி வெடித்தது. கான்கிரீட் கொடகொடவென்று கொட்டி, வேலைக்கு வந்த ஓர் அம்மாவின் முழங்கால் வரை ஏறியது. அண்ணி கையிலிருந்த போன் கீழே விழுந்தது. அதன்பிறகு எனக்கு வானம்தான் தெரிந்தது. சத்தம் மட்டும் கேட்டது.

அரை மணி நேரம் கழித்து நஞ்சப்பன் பேசினார். யாருக்கும் அடி இல்லை.

"லிஃப்ட்டு லிஃப்ட்டுன்னீங்க. பைப்பத் தூக்கிப் புடிச்சு ரொப்பச் சொல்றீங்கன்னு நெனச்சங்க."

"அது ஒரு சுத்துக்குப் பேரு மேஸ்திரி."

"செங்கல்லுல நாங்க வரின்னு சொல்றோமில்ல, அந்த மாதிரியா? அப்ப வரின்னு சொல்லியிருந்தா நின்னிருக்குமுங்க."

மறுநாளிலிருந்து ஒரு வரி, இரண்டு வரி என்றே பேசினோம். வேறெதுவும் வெடிக்கவில்லை.

5

தை மாதத்தில் பால் காய்ச்சினார்கள். வீடியோவில் பார்த்தோம். என் மகள் அனுவுக்குப் பதினைந்து வயது. இழுத்துப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"கண்ணு, வூடு எப்பிடி இருக்குது பாத்தியா? உங்கம்மா கட்டுன வூடு!" என்றான் அண்ணன்.

அனு என் காதில் கிசுகிசுத்தாள். "மாமா ஏன் வுட்னு சொல்றார்? நீ கட்டினது கான்கிரீட் தானே?" பிறகு திரையைப் பார்த்து, "மாமா, வுட் இல்ல, கான்கிரீட்" என்று திருத்தினாள்.

"ஆமா கண்ணு, கான்கிரீட் வூடுதான்" என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். இருவரும் வெவ்வேறு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்த நான் விளக்கம் சொல்லத் தொடங்குவதற்குள் அனு எழுந்து போய்விட்டாள்.

மாசி பிறந்தும் அண்ணனுக்குக் காய்ச்சல் வரவில்லை. சின்ன ஏ.சி. ஒன்றை ஒரு மணி நேரம் போட்டு நிறுத்தினால் மாலை வரைக்கும் அறை குளிர்ந்தே இருந்தது. பங்குனி வெயிலில் வெளியே கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே அவன் போர்வை கேட்டானாம். நஞ்சப்பனே கூப்பிட்டு, "நீங்க கெலிச்சிட்டீங்க" என்றார். கம்பெனியில் அந்த வீட்டின் போட்டோவை எல்லோருக்கும் காட்டினேன்.

6

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் காலை எழுந்து பார்த்தால் அண்ணியிடமிருந்து பதினான்கு அழைப்புகள் வந்திருந்தன.

நடந்தது இது. மதியம் அண்ணன் தூங்குகிறான் என்று கதவைச் சாத்திவிட்டு அண்ணி வெளியே போயிருக்கிறாள். அறையின் மேற்குச் சுவரை ஒட்டி, கீற்றுப் பந்தலின் நிழலில் ஆறேழு பெண்கள் உட்கார்ந்து புளி கொட்டை எடுப்பார்கள். அண்ணன் விழுந்தபின் குடும்பம் ஓடுவதே அந்த வேலையில்தான். இவளும் போய் உட்கார்ந்துகொண்டாள். விழித்த அண்ணன் தண்ணீர்ச் செம்பை எட்டி எடுக்கப் போய்க் கட்டிலிலிருந்து உருண்டு கீழே விழுந்துவிட்டான். போன் கட்டிலிலேயே இருந்தது.

கூப்பிட்டிருக்கிறான். மனைவி பேரைச் சொல்லி, பிறகு தெரிந்தவர்கள் பேரையெல்லாம் சொல்லி. அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்தது சுவருக்கு அந்தப்பக்கம், அவன் தலைக்கு நேரே பத்தடி தூரத்தில். அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் இரண்டும் உயரத்தில், சின்னதாக, இரட்டைக் கண்ணாடி வைத்து ரப்பர் போட்டு இறுக்கியவை. குளிர் நாட்டு ஜன்னல். அளவு கொடுத்தது நான்தான்.

டீ கொடுக்க அண்ணி உள்ளே போனபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. தரையில் கிடந்ததில் இடுப்பில் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. அவனுக்கு அது வலிக்கவும் இல்லை. வலிக்காத புண் ஆற நாளாகும். மாதக்கணக்கில் ஆனது.

நான் கூப்பிட்டபோது அவனுக்குத் தொண்டை கட்டிப் பேச்சே எழவில்லை. அண்ணிதான் பேசினாள். என்னிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாதவள்.

"ஷீட்டு வூட்டுல வெந்தாருங்க. ஆனா இருமுனாக்கூட எனக்குக் கேட்கும். இதுல செத்தாலும் வெளிய தெரியாதுங்க, கலா."

7

இதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட விதத்தைத்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

நான் உடனே கருவிகளைத் தேடினேன். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பட்டன், காலிங் பெல், குழந்தைகளுக்கு வைக்கும் மைக், கேமரா. இணைப்புகளாக அனுப்பித் தள்ளினேன். குரல் திரும்பியதும் அண்ணன் கேட்டான்.

"ஆஸ்பத்திரியாட்டம் மணியடிச்சு என் பொண்டாட்டியக் கூப்புடணுமா?"

அன்றே ஷீட் வீட்டுக்குப் போய்விட்டான். மூன்றாம் நாள் காய்ச்சல்.

நஞ்சப்பனிடம் கேட்டேன். "மேற்கால சொவுத்துல பெருசா ஒரு சன்னல் வெக்கணுங்க. செங்கல்லுன்னா அர நாள்ல ஒடச்சு, சாயங்காலம் கட்டையப் பதிச்சிட்டுப் போயிருவன். இது கம்பி போட்ட கான்கிரீட்டு. ஓசூர்லேந்து அறுக்கற மெஷினு வரணும்" என்றார்.

முடியாது என்றேன். மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல் வைத்தால் மாலை வெயில் முழுக்க உள்ளே வரும், ஏ.சி. குளிர் நிற்காது, இவ்வளவு பாடுபட்டதெல்லாம் வீண் என்று பாடம் எடுத்தேன். இரண்டு வாரம் சண்டை. அண்ணன் காய்ச்சலில் கிடக்க, நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சுவருக்கு வக்கீலாக வாதாடினேன்.

ஒரு நாள் அவன் நிதானமாகச் சொன்னான். "பாப்பா, கதவு எவ்ளோ அகலம்னு நாற்காலிய அளந்து கேட்ட. சன்னல் எங்க வேணும்னு என்ன ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. வரைபடம் அனுப்பினேன், விளக்கினேன், சம்மதமா என்றேன். கேட்கவில்லை.

அந்த வாரம்தான் பி.ஆர். கார்டு தபாலில் வந்தது. கவரைப் பிரித்து, அந்தப் போட்டோவில் இருந்த என் முகத்தைப் பார்த்தபோது எரிச்சல்தான் வந்தது. அனுவைக் கூப்பிட்டேன். "நான் வந்து என்ன பண்றது? நீ பேசுறதே எனக்குப் பாதிதான் புரியுது. அவங்க பேசுறது இன்னும் கம்மி" என்றாள். பொய் சொல்லவில்லை. தனியாகவே கிளம்பினேன்.

8

சித்திரைக் கடைசி. அண்ணன் ஷீட் வீட்டில் நெஞ்சில் ஈரத்துண்டோடு கிடந்தான். மெலிந்திருந்தான். "வந்துட்டியா" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காலை நானும் அண்ணியும் அவனை நாற்காலியில் வைத்து புது அறைக்குள் தள்ளிக்கொண்டு போனோம். கையில் ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டேன்.

"எங்கண்ணா வேணும்?"

"கட்டில்ல படுக்க வெய்யி. அப்பறம் சொல்றன்."

படுக்கவைத்தோம். தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தான். "இன்னும் கீழ. இன்னும். நான் படுத்தா ரோடு தெரியணும். டவுன் பஸ்ஸு திரும்பறது தெரியணும்."

நான் போட்ட கோடு தரையிலிருந்து ஒன்றரை அடியில் தொடங்கியது. அகலம் ஐந்தடி. எங்கள் கம்பெனியில் யாராவது இப்படி ஒரு படம் கொண்டுவந்தால் நான் திருப்பி அனுப்பியிருப்பேன்.

மெஷின் வந்து இரண்டு நாள் அறுத்தது. தண்ணீர் பீய்ச்சி, சாம்பல் நிறச் சேறு வழிந்து, தெர்மாகோல் பொடி முற்றம் முழுக்கப் பறந்து கோழிகளின் மேலெல்லாம் ஒட்டிக்கொண்டது. கம்பியை அறுக்கும்போது பல் கூசியது. நான் பார்த்து ஊற்றவைத்த கான்கிரீட். ஒரு பொத்தல் இல்லாமல் அவ்வளவு நன்றாக வந்திருந்தது. அதைச் சொல்லவும் முடியாமல் நின்றேன். நஞ்சப்பன் கவனித்துவிட்டார். "நல்லாத்தான் ஊத்தியிருக்கறமுங்க" என்றார்.

மூன்றாம் நாள் மரச்சட்டம் வைத்துக் கதவு மாட்டியாகிவிட்டது. அண்ணன் திரும்பி வந்து படுத்தான். மதியம் ஜன்னலை அகலத் திறந்து வைத்திருந்தான். நான் கொண்டுவந்த தெர்மாமீட்டரைப் பார்த்தேன். வெளியே இருந்த சூடு முழுக்க உள்ளேதான் இருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"சாத்தறன்ணா. ஏ.சி. போடணும்."

"இருக்கட்டும்."

"என்ன இருக்கட்டும்? காய்ச்சல் வந்தா யாரு தூக்கிட்டு ஓடறது? இதுக்கா இவ்ளோ பண்ணுனேன்? அங்க உக்காந்துகிட்டு ஒவ்வொரு நாளும் உன்ன நெனச்சு நெனச்சு..." குரல் எங்கேயோ ஏறிப் போய்விட்டது. எட்மன்டன் வீட்டில் நான் இப்படிக் கத்தியதே இல்லை.

வெளியே புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த பெண்களின் பேச்சு நின்றது. பிறகு ஒரு குரல் வந்தது.

"யாருடி அது, கனடாக்காரியா? என்னா தொண்ட!"

"மாதேசு, உன் தங்கச்சி அங்கேந்து கத்தியிருந்தாவே கேட்டிருக்குமே. டிக்கெட்டு எதுக்கு?" என்றாள் இன்னொருத்தி.

அண்ணன் சிரித்தான். நெஞ்சு மட்டும் குலுங்குகிற அந்தச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. இருமல் கேட்டதும் வெளியே சாந்தி அண்ணி எழுந்துகொள்வது ஜன்னலில் தெரிந்தது. "தண்ணி வேணுமா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"வேணாம், வேணாம். இவளுக்குத்தான் வேணும்" என்றான். பிறகு என்னிடம், "மூணு மணிக்கு நானே சாத்தச் சொல்றன் பாப்பா. அதுக்கு மேல வெயிலு நேரா வருது. எனக்குத் தெரியாதா?"

ஈரத்துண்டைப் பிழிந்து அவன் நெஞ்சில் போட்டேன். வெளியே மறுபடியும் பேச்சு தொடங்கியிருந்தது. யாரோ என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

"கலா, உள்ள என்னா பண்ற? வந்து உக்காரு. ஒரு கை கொறையுது."

போய் உட்கார்ந்தேன். புளியைக் கையில் எடுத்து வருடக்கணக்கு ஆகியிருந்தது. முதல் கொட்டையை எடுப்பதற்குள் விரலைக் கீறிக்கொண்டேன். "பாத்துடி" என்றான் அண்ணன், உள்ளே இருந்து.